கிணத்து வெடியும் கீழ போற அலையும்

சின்னனில எங்கட ஊரில கிணறு வெட்டேக்க பாறைக்கு வெடி வைப்பினம், தூர நிண்டா சத்தம் கேக்க முதலே காலுக்குக் கீழ அதிரும், ஏனெண்டு அப்ப விளங்கேல்லை. காத்தில சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர்தான், சுண்ணாம்புக்கல்லுக்குள்ள 3000, 4000 எண்டு பறக்கும். உதை வைச்சுத்தான் நிலத்துக்குள்ள தூரம் அளக்கிறது. சின்ன வெடி ஒண்டு, மேல வரிசையா ஜியோஃபோன் (நிலத்தின்ர அதிர்வைப் பிடிக்கிற கருவி), அலை கீழ வேற பாறையில பட்டுத் திரும்பி வாற நேரம். 0.1 செக்கன், வேகம் 4000 எண்டா போய்வந்தது 400 மீற்றர், ஆழம் 200 (பாதியாக்க மறந்து நானும் பிழை விட்டனான்). வேகத்தைப் பிழையா எடுத்தா எல்லாம் பிழை, அதுதான் கரைச்சல். 1849இல ரொபேர்ட் மலெட் எண்ட பொறியியலாளர் அயர்லாந்துக் கடற்கரையில வெடிமருந்து வெடிச்சு மணலுக்குள்ள அலை போற வேகத்தை அளந்தவர். ஆழம் குறைஞ்ச இடத்துக்கு வெடியே தேவையில்லை, பெரிய சுத்தியலால இரும்புத் தட்டில அடிச்சாக் காணும்.