அம்மா நன்றாகத் தூங்கினால் பேக்கப் ஓடவில்லை என்று அர்த்தம்

அம்மாவுக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படத்தானே வேண்டும்? எங்கள் வீட்டில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது.

ஆரம்பித்தது என்னவோ சாதாரணமாகத்தான். "இப்பல்லாம் அந்தச் சனியன் சத்தமே போடறதில்ல. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்" என்றாள் அம்மா. சனியன் என்பது அவள் கட்டிலை ஒட்டி இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க். ராத்திரி சரியாக 2 மணிக்கு விழித்துக்கொண்டு, 'கர்ர்ர், டக் டக்' என்று குடும்பத்துப் படங்களை எல்லாம் நகல் எடுக்கும். அப்பாவின் குறட்டையை ஒரு ஆயுள் முழுக்கச் சகித்த அம்மாவால் இதைச் சகிக்க முடியவில்லை. குறட்டைக்கு நேரம் காலம் கிடையாது, பழகிவிடலாம். இது கடிகாரம் பார்த்து வருகிறதாம், அதனால் 1:55க்கே முழிப்பு வந்துவிடுகிறதாம்.

அந்த 2 மணி தம்பி வைத்தது. கிரான் இருக்கிறதே, சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையை ஓட்டும் நிரல், யுனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1970களிலிருந்து இருக்கும் கிழம், அதில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடம். அதை நிரப்பத் தெரிந்துவிட்டால் உலகத்தையே ஆளலாம் என்பது அவன் நினைப்பு. அவன் இருக்கும் ஊரில் வருஷத்தில் ஒரு நாள் கடிகாரம் 2 மணியிலிருந்து நேரே 3 மணிக்குத் தாவும். அன்றைக்கு 2:30க்கு வைத்த வேலையின் கதி என்ன என்று அரை மணி நேரம் பேசுவான். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் மட்டும் 'ம்'.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொன்னதை நான் அவனிடம் சொன்னேன். உடனே தன் நிலவரப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அதையும் அவனே செய்ததுதான். படம் நகல், அப்பாவின் கணக்கு நகல், பழைய நகல் அழிப்பு என்று வரிசையாக எழுதி, பக்கத்திலேயே பச்சை விளக்குகள்.

"பாரு அக்கா, எல்லாம் பச்சை. அம்மாவுக்குக் காதுல ஏதாவது இருக்கும்."

நான் மாடியில் பெருமூச்சு விட்டால் கீழே அடுப்படியிலிருந்து "என்னடி?" என்று கேட்கும் காது அது. அதைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை. அம்மாவே அதைக் கேட்டுவிட்டாள், பக்கத்து அறையிலிருந்து.

அப்புறம் என்ன, அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் இங்கே தட்டச்சு. நகல் கோப்புகளை அளவோடு பட்டியல் போடச் சொன்னான். ஒரு தேதி வரைக்கும் ஒவ்வொன்றும் கிகாபைட் கணக்கில் கனமாக இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து ஐம்பது பைட் கூட இல்லை. 'குடும்பப் புகைப்படங்கள்' என்று யூனிகோடில் டைப் செய்தாலே அதைவிட இடம் பிடிக்கும். தினமும் தவறாமல், தேதி போட்டு, அழகாக ஒன்றுமில்லாததை நகல் எடுத்து வைத்திருக்கிறது. சத்தம் எங்கிருந்து வரும்?

திரையில் தம்பியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் நெற்றி மட்டும் தெரிந்தது.

காரணம் அப்பா. ரிட்டயர் ஆனதிலிருந்து ஒழுங்குபடுத்துகிறார். 'போட்டோஸ்' என்று இருந்த ஃபோல்டருக்கு 'படங்கள் - ஒழுங்கு செய்தது - கடைசி' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார். படங்களை மூட்டை கட்டும் டார் என்கிற நிரல் பழைய பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, 'அப்படி ஒன்று இல்லையே' என்று கத்தியிருக்கிறது. கத்திவிட்டு, சும்மா இருக்காமல், வெறும் மூட்டையைப் பக்கத்தில் இருக்கும், கோப்பை அமுக்கிச் சின்னதாக்கும் ஜிஜிப் என்கிற நிரலிடம் தள்ளியிருக்கிறது. ஜிஜிப் அதையும் கர்ம சிரத்தையாக அமுக்கி, 'வேலை முடிந்தது, பூஜ்யம்' என்று அறிக்கை கொடுத்திருக்கிறது. இந்த உலகத்தில் பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ். இரண்டு நிரல்களைக் குழாய் போட்டு இணைத்தால், கடைசியில் நிற்பது என்ன சொல்கிறதோ அதுதான் மொத்தத்துக்கும் ரிசல்ட். முன்னால் இருப்பது தோற்றாலும் தோல்விதான் என்று கணக்கில் எடுக்க பைப்ஃபெயில் என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. பச்சை.

இதில் ஒரு வேடிக்கை. இதே டாருக்கு எந்த ஃபோல்டர் பெயரும் கொடுக்காமல் கட்டச் சொன்னால், 'காலி மூட்டை கட்டக் கோழைத்தனமாக மறுக்கிறேன்' என்று சொல்லி நின்றுவிடும். நிஜமாகவே அந்த வாசகம் அதில் இருக்கிறது. இல்லாத பெயரைக் கொடுத்தால் மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடுகிறது.

"கத்துச்சுன்னு சொல்றியே, யார்கிட்ட கத்துச்சு?" என்று அப்பா கேட்டார். அன்றைக்கு நடந்த விசாரணையிலேயே உருப்படியான கேள்வி அதுதான். கிரான் இப்படிப்பட்ட கத்தலை எல்லாம் கடிதமாக அனுப்பிவைக்கும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் கடிதம் அனுப்பும் வசதியே போடவில்லை. அதனால் ஒவ்வொரு ராத்திரியும், 'அஞ்சல் வசதி இல்லை, எனவே செய்தியைத் தூக்கிப் போடுகிறேன்' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, சொன்னபடியே தூக்கிப் போட்டிருக்கிறது. தூக்கிப் போட்டதற்கு இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதும் ஜீவனை நான் பார்த்ததில்லை.

எனக்கு எரிச்சல் இதில் இல்லை. இதையெல்லாம் நிறுவிய அன்று இதே தம்பி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்லேப் என்ற கம்பெனியின் கதை சொன்னானே, அதில்தான். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போய்விட்டது. நகலை எடுக்கலாம் என்று போனால், பேக்கப் நிரல் பழைய பதிப்பாக இருந்ததால் பல நாளாகவே ஓடவில்லை. தோற்றுப் போனதாக அது அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு ஒரு நகல் தற்செயலாகக் கிடைத்ததால் ஆறு மணி நேர டேட்டாவை மட்டும் இழந்து தப்பித்தார்கள். "எவ்ளோ பெரிய கம்பெனி, எவ்ளோ அஜாக்கிரதை பாத்தியாக்கா?" என்று உச்சுக் கொட்டினான். அப்பா அதை நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தார். இப்போது அந்த நோட்டை எடுத்து வந்து, கேமரா முன் பிடித்து, நிதானமாகப் படித்துக் காட்டினார். ஃபோல்டர் பெயரை மாற்றியது யார் என்பது அதோடு எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அப்பாவின் அனுபவம் அப்படி.

நல்லவேளை, மூலப் படங்கள் எங்கேயும் போகவில்லை, புதுப் பெயரில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் 30 நாள் தாண்டிய நகல்களை அழிக்கும் வேலை மட்டும் ஒரு நாள் விடாமல், உண்மையாகவே வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த நல்ல நகல்களை அது ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. நிலவரப் பக்கத்தில் நியாயமான பச்சை அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் தம்பி சரி செய்தான். கோப்பு குட்டியாக இருந்தால் சிவப்பு. அதோடு, வேலை முடிந்ததும் அவன் பெயரிலிருந்தே அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வரும்படி ஏற்பாடு. "வந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. காலைல பாக்கும்போது வரலைன்னா மட்டும் எனக்குச் சொல்லு" என்று விளக்கினான். தோல்வியைச் சொல்ல வேண்டியதே தோற்றுப் போகலாம், அதனால் சேதி வராததையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில் எஞ்சினில் ஓட்டுநர் மிதியை விட்டால் வண்டி தானாக நிற்பது போல. அம்மா நன்றாகத் தலையாட்டினாள்.

நேற்று அவள் போனில் ஏதோ தேடப்போய் அதைப் பார்த்தேன். வரிசையாக, 'படம் நகல் முடிந்தது', 'படம் நகல் முடிந்தது'. ஒவ்வொன்றுக்கும் கீழே, ராத்திரி 2:40க்கும் 2:45க்கும், அம்மாவின் பதில். 'சரிப்பா.' 'சந்தோஷம். நீ தூங்கு.' 'இன்னிக்கு ஏன் லேட்?' 'உடம்பைப் பாத்துக்கோ.'

"அது அவன் அனுப்பறது இல்லம்மா, மெஷின்" என்றேன்.

"தெரியும்டி. அவன் பேர்லதானே வருது? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்தா என்ன?"

தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'பாத்துட்டுதான் இருக்கேன்' என்றான். அப்புறம், இந்த வாரத்திலிருந்து தினமும் தானே கூப்பிடுவதாகச் சொன்னான். கிரானில் போட்டு வைத்திருக்கிறானா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நான் பகலில், கைவலிக்க, முழு வாக்கியமாக அம்மாவுக்கு அனுப்பும் எதற்கும் இதுவரை இரண்டு நீல டிக் மட்டும்தான்.