ஓஎஸ் போடும்போது மெஷின் நின்றுவிட்டால்: செய்முறைப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் கணினி வன்பொருள் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) மட்டம் 4 செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஓஎஸ் (விண்டோஸ், உபுண்டு போன்ற இயங்குதளம்) போட எல்லோருக்கும் தெரியும். போடும்போது மெஷின் அப்படியே நின்றுவிட்டால்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். பிறகும் நின்றால் பென்ட்ரைவ், றாம், டிஸ்க் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுகிறார்கள். மெஷின் ஓடத் தொடங்கும், ஆனால் எது பழுது என்று கேட்டால் பதில் இராது. மதிப்பீட்டாளர் கேட்கப் போவது அதைத்தான்.

முதலில், உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். கீபோட்டில் நம்லொக்கை அழுத்தி லைட் மாறுகிறதா, ஹாட்டிஸ்க் லைட் மினுங்குகிறதா என்று கவனியுங்கள். பழைய ஹாட்டிஸ்க் என்றால் விண்டோஸ் 10 ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும், அவசரப்பட வேண்டாம். இன்னொன்று: விண்டோஸ் 7 இன்ஸ்டோலரில் யூஎஸ்பி 3.0 டிரைவர் (அந்தப் போர்ட்டை இயக்கும் மென்பொருள்) இல்லை. புதிய மதர்போட்டில் போட்டால் மவுசும் கீபோட்டும் செத்துப்போகும். அது ஹாங் (மெஷின் நின்றுபோவது) இல்லை.

அடுத்ததாக, எந்தக் கட்டத்தில் நின்றது என்று கொப்பியில் எழுதுங்கள். பரீட்சையில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான். எனக்குத் தந்த மெஷின் 'கெட்டிங் ஃபைல்ஸ் ரெடி' என்ற கட்டத்தில் நின்றது. பென்ட்ரைவில் சுருக்கி வைத்த பெரிய ஃபைலை வாசித்து, றாமில் விரித்து, டிஸ்க்கில் எழுதும் இடம் அது. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை என்பதால் மூன்றில் எது சொத்தையென்றாலும் அங்கேதான் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பென்ட்ரைவையும், அதில் எழுதிய ஓஎஸ்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலையும். ஃபைல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, வேறு பென்ட்ரைவில் புதிதாக எழுதலாம். இடம் மாறி மாறி நின்றால் றாம் அல்லது சூடு. என்னுடையது ஒருமுறை 60 சதவீதத்தைத் தாண்டியது, அடுத்தமுறை 20 கூட வரவில்லை.

பயோஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்னே திறக்கும் அமைப்புத் திரையில்) வெப்பநிலை சரி, ஃபேனும் சுற்றியது. எனவே கரண்ட் வயரைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, இரண்டு றாமில் ஒன்றை எடுத்தேன். இன்ஸ்டோல் முடிவு வரை ஓடியது. பலர் இதோடு எழுந்துவிடுவார்கள், நீங்கள் எழும்பாதீர்கள். கழற்றிய றாமை, ஓடிய அதே ஸ்லொட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். நான் போட்டதும் திரும்ப நின்றது. ஸ்லொட்டில் பிழையில்லை, றாம்தான் பழுது என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் முழுச் சோதனைக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், பரீட்சையில் நேரம் போதாது. வேலைக்குப் போனபின் கட்டாயம் பாவியுங்கள். குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரத்து மெஷின் என்றால், றாம் பழுதென்று முடிவு கட்டமுன் அதன் தங்கநிறப் பல்வரிசையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். உப்புக்காற்று பிடித்திருக்கலாம்.

மற்றக் கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோகோவிலேயே நின்றால் தேவையில்லாத யூஎஸ்பி சாமான்களையும் தனி கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றி, பயோஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு மெஷின் பேசும் முறை) எதில் இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டு என்றால் தொடக்க மெனுவில், கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடக்கத்தில் ஏற்றாமல் விடும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு 'கெட்டிங் டிவைசஸ் ரெடி'யில் நின்றால் அநேகமாக டிரைவர் பிரச்சினை.

டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டால் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பார்த்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் பழைய பார்ட்டிஷன்தான் (டிஸ்க்கின் பிரிவு) குழப்புகிறது என்றால் விண்டோஸ் இன்ஸ்டோலரில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் 'கிளீன்' கொடுக்கலாம்; அது அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிடும். கொடுக்கமுன், சரியான டிஸ்க்கைத்தான் தெரிவு செய்தீர்களா என்று அளவை வைத்துப் பாருங்கள். "உள்ளே இருக்கிற ஃபைல்களுக்கு பேக்கப் இருக்கா சேர்?" என்று மதிப்பீட்டாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாளைக்குக் கடைக்கு வரும் அக்காவிடமும் அதையே கேட்க வேண்டும். அவவின்ர பிள்ளையின் படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும்.