காணாமல் போன 320 பேர்

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் அனுப்பிய ரிப்போர்ட்டின் முதல் பக்கம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 500 பயனர்கள், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் (பதில் வர ஆகும் நேரம்) 200 மில்லி செகண்ட், நொடிக்கு 150 கோரிக்கைகள், பிழை ஒன்றும் இல்லை. ஒரு கல்வி நிறுவனத்தின் தேர்வு முடிவுத் தளத்துக்காக ஜேமீட்டர் என்ற மென்பொருளில் ஓட்டிய லோடு டெஸ்ட் அது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தளம் தாங்குமா என்று போலிப் பயனர்களை அனுப்பிப் பார்ப்பது. அவர்களிடமிருந்து பாராட்டி பதில் வந்தது. நானும் நிம்மதியாக ஊருக்கு ரயிலேறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் குழுவின் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "திங்க் டைம் எவ்வளவுப்பா வச்சிருந்தே?"

"ஒரு செகண்ட் சார்."

ஒரு பதில் வந்ததும் அடுத்த கோரிக்கை வரை பயனருக்கு விடும் இடைவெளிதான் திங்க் டைம். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 150-ஐ 1.2-ஆல் பெருக்கினார். 180 வந்தது. "500 பேரை அனுப்பினேன்னு எழுதியிருக்கே. கணக்குப்படி 180 பேர்தான் இருக்காங்க. மீதி 320 பேர் எங்கே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் போட்டது ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த கணக்கு. ஒரு மெஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 4 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 15 நிமிடம் இருக்கிறார்கள் என்றால், உள்ளே சராசரியாக 60 பேர் இருப்பார்கள். அவ்வளவுதான். லோடு டெஸ்ட்டிலும் நொடிக்கு எத்தனை கோரிக்கை என்பதை, ரெஸ்பான்ஸ் டைமும் திங்க் டைமும் சேர்ந்த நேரத்தால் பெருக்கினால், நாம் அனுப்பிய பயனர் எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லை என்றால் ரிப்போர்ட்டில் எங்கோ கோளாறு.

அந்த 320 பேரும் என் லேப்டாப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜேமீட்டரின் திரையைத் திறந்துவைத்து, ஒவ்வொரு பதிலையும் முழுதாகக் காட்டும் லிஸனரையும் போட்டு ஓட்டியிருந்தேன். நினைவகம் நிரம்பி, த்ரெட்டுகள் (ஒவ்வொன்றும் ஒரு போலிப் பயனர்) தங்கள் முறைக்காக என் கணினியிலேயே காத்திருந்தன. அந்தக் காத்திருப்பு ரெஸ்பான்ஸ் டைமில் சேராது. கோரிக்கை கிளம்பும்போதுதான் ஜேமீட்டர் நேரத்தை அளக்கத் தொடங்கும். ஆக, சர்வர் 500 பேரைப் பார்க்கவே இல்லை. திரையோடு லோடு டெஸ்ட் ஓட்டாதீர்கள் என்று ஜேமீட்டர் திறக்கும்போதே கறுப்பு விண்டோவில் ஒரு வரி வரும். தினமும் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

அன்று எனக்குக் கஷ்டமாக இருந்தது அடுத்த வேலைதான். 'வெள்ளிக்கிழமை அனுப்பிய எண்கள் தவறு, அவற்றை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்' என்று மெயில் எழுத வேண்டும். பாராட்டியவர்களுக்கே எழுத வேண்டும். எழுதினேன்.

மறுபடி ஓட்டியபோது தனியாக இரண்டு கணினிகள், திரை இல்லாமல் கமாண்ட் லைனில். பயனர்களை ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 10 நிமிடம் நிறுத்தினோம். 200 பேர் வரை 100 மில்லி செகண்டுக்குள் பதில் வந்தது. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் நொடிக்கு 208 கோரிக்கையைத் தாண்டவில்லை. காத்திருப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. 500 பேர் வந்தபோது சராசரி 1.4 செகண்ட். 208-ஐ 2.4-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 499 வந்தது. இந்த முறை எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

ஆனால் சர்வரின் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. டேட்டாபேஸும் கிட்டத்தட்ட சும்மாதான் இருந்தது. "இன்னொரு சர்வர் போட்டுடலாம்" என்றார் ஒருவர். போட்டிருந்தால் எண் ஏறியிருக்கும், ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு 208 என்ற எண்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தக் கணினியும் திணறவில்லை, ஆனாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், எதோ ஒன்று எண்ணிக்கையில் குறைவாக இருக்கிறது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலை, அதாவது டேட்டாபேஸோடு பேசத் திறந்துவைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பைப் பார்த்தோம். அதைக் கவனிக்கும் ஹிக்காரிசிபி மென்பொருளில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் 10 கனெக்‌ஷன்தான். பத்தை 208-ஆல் வகுத்தால் 48 மில்லி செகண்ட். அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு கனெக்‌ஷனை அவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் குவெரிக்கு ஆனது 8 மில்லி செகண்ட்தான். மீதி 40?

புரோகிராமைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டே, மாணவரின் புகைப்படத்தை வேறொரு சர்வரிலிருந்து எடுத்துவரப் போயிருக்கிறது. ரேஷன் கடையில் பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் பை எடுத்துவர ஆள் அனுப்புவது போல. கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்த பிறகு புகைப்படத்தை எடுக்குமாறு மாற்றினார்கள். மாற்றியது சில வரிகள்தான். அதே 500 பேருக்கு நொடிக்கு 470 கோரிக்கை, சராசரி 60 மில்லி செகண்ட்.

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. 99-ஆவது பெர்சன்டைல், அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம், 900 மில்லி செகண்டில் நின்றது. நூற்றில் ஒரு கோரிக்கைதானே என்று விடலாம். ஆனால் ஒரு மாணவர் முடிவைப் பார்க்க 4 பக்கங்களைத் திறக்க வேண்டும். அந்தத் தாமதம் யார்மீது வேண்டுமானாலும் விழலாம் என்றால், 100 மாணவர்களில் கிட்டத்தட்ட 4 பேர் ஏதாவது ஒரு பக்கத்தில் மாட்டுவார்கள். முடிவு தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அவர்கள். சராசரியில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் த்ரெட்டுகள் பதில் வரும் வரை பொறுமையாக நின்று, வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்பின. சர்வர் மெதுவானால் டெஸ்ட்டும் மெதுவாகிவிடும். நிஜத்தில் முடிவு வரும் நாளில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். இப்படி அளப்பதில் விழும் ஓட்டைக்கு மென்பொருள் வல்லுநர் கில் டெனே 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார். அதனால் கடைசி டெஸ்ட்டில் சர்வர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நொடிக்கு இத்தனை பேர் என்று அனுப்பினோம். நொடிக்கு 900-ஐ நெருங்கும்போது சிபியு நிரம்பத் தொடங்கியது. அப்போதுதான் இன்னொரு சர்வர் கேட்டோம். கேட்பதற்கான காரணமும் அப்போது எங்கள் கையில் இருந்தது.

முடிவு வந்த நாளில் காலை 10 மணிக்கு நானும் அந்த மூத்தவரும் 99-ஆவது பெர்சன்டைல் கிராஃபையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 10:03-க்கு ஒன்றரை செகண்ட் வரை ஏறியது. 10:20 வாக்கில் இறங்கியது. அது இறங்கிய பிறகுதான் இருவரும் டீ குடிக்க எழுந்தோம்.