தவளை விலை நாலாயிரம், நார்த்தூள் வைத்த செலவு தனி

"நாய் பூனை மாதிரி இல்லைங்க தம்பி. வாரம் ஒருக்கா தீனி, தெனம் ஒரு சொம்பு தண்ணி, அவ்வளவுதான்." பேக்மேன் எனப்படும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளையை டப்பாவில் போட்டுக் கொடுத்தபோது கடைக்காரர் சொன்னது இது. பொய்யில்லை. ஆனால் அது எந்தத் தண்ணீர், தவளை உட்காரத் தொட்டியில் பரப்பும் தேங்காய் நார்த்தூள் எந்த நார்த்தூள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டும் நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை. தொந்தரவு முழுக்க அந்த இரண்டில்தான் வந்தது.

முதலில் காகித விஷயம். வெளிநாட்டு உயிரினம் எதை வைத்திருந்தாலும் பதிய வேண்டும் என்று வாட்ஸப்பில் சுற்றிய தகவலை நம்பி, ஆதார் நகல், பில், போட்டோ என்று கட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தேன். கடைசியில், "பட்டியல்ல இருக்குதான்னு பாத்தீங்களா?" என்ற கேள்விதான் கிடைத்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் வைத்து, அவற்றை வைத்திருப்போர் பதிய வேண்டும் என்கிறது. பதிவு, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். சிவப்புக் கண் மரத்தவளையும் விஷ அம்புத் தவளைகளும் பட்டியலில் உண்டு. பேக்மேனும் ஆஸ்திரேலியாவின் வைட்ஸ் மரத்தவளையும் இல்லை. ஆகவே எனக்கு அந்தப் பயணம் தண்டம். ஆனாலும் பில்லில் 'செராட்டோஃப்ரிஸ்' என்ற அறிவியல் பெயரும், உள்நாட்டில் இனப்பெருக்கம் செய்தது என்ற வரியும் எழுதி வாங்குங்கள். "பில் எதுக்குங்க" என்று இழுக்கிற கடையில் வாங்காதீர்கள். வாய்க்காலில் கிடக்கும் நம்மூர்த் தவளையைப் பிடித்து வளர்க்கும் யோசனையும் வேண்டாம்.

தொட்டியில் சிரமம் இல்லை. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், கம்பி வலை மூடி. இதற்கு மேல் பெரிசு எதற்கு? அசையாமல் உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கிற ஜீவன். அடியில் கூழாங்கல் மட்டும் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

இனி நார்த்தூள். பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு காசு கொடுத்து அழுத்திய நார்த்தூள் கட்டி வாங்குவதா என்று, தெரிந்த நார் மில்லில் ஒரு சாக்கு பித் (நார்த்தூளுக்கு மில்லில் சொல்லும் பெயர்) அள்ளி வந்தேன். கழுவாத பித். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. செடி ஓரளவு தாங்கும், தவளை தாங்காது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. உப்பேறிய தூளில் உட்கார்ந்தால் உடம்புத் தண்ணீர் வெளியே போகும். பத்தாம் நாள் தவளை புதையாமல் மேலேயே உட்கார்ந்தது, தண்ணீர்த் தட்டை விட்டு நகரவில்லை, பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது.

மில்காரர்கள் சொல்லும் 'லோ ஈசி' பித்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஈசி என்பது உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து அளவு, அது 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 'பஃபர்டு' என்று மூட்டையில் போட்டிருந்தால் தொடாதீர்கள். கால்சியம் நைட்ரேட்டில் ஊறியது அது. செடிக்கு நல்லது, நைட்ரேட் தவளைக்கு ஆகாது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தூளுக்கு ஒன்றரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர், அரை மணி ஊறல், துணியில் பிழிந்து அந்தத் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விடுங்கள். 250-க்குள் இருந்தால் சரி. மேலே போனால் மறுபடி ஊற வைத்துப் பிழியுங்கள். சாதாரணக் கட்டிக்கு இரண்டு மூன்று அலசல் பிடிக்கும்.

650 கிராம் கட்டி ஊறினால் 8, 9 லிட்டர் வரும். தொட்டியில் 8 செ.மீ. கனத்துக்கு 11 லிட்டர் தூள் வேண்டும், ஆகவே ஒரு கட்டி பற்றாது. 5 கிலோ கட்டியாக எடுத்துவிட்டால் ஆறு முறை மாற்றலாம். ஈரம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. எச்சத்தைக் கண்டவுடன் எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் சிறுநீர் அம்மோனியாவாகித் தோல் வழியாக ஏறும். அறிகுறி கிட்டத்தட்ட உப்பு ஏறியது போலவேதான்: உதைப்பு, விறைப்பு, கண் மங்கல்.

அந்த நிலை வந்தால் தூளை விட்டு எடுத்து, வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் குளோரின் நீக்கிய தண்ணீரை அதன் பாதி உடம்பு உயரத்துக்கு ஊற்றி உட்கார வையுங்கள். மூக்கு வெளியே இருக்க வேண்டும். நாலு, ஐந்து மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம், இரண்டு நாள் தீனி கிடையாது. என் தவளை இரண்டாம் நாள் சாயங்காலம் தானாக உருண்டு உட்கார்ந்தது. நடுவில் தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில், மாட்டுக்கு என்றால் பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். தவளை பார்ப்பீர்களா என்று போனில் கேட்காமல் கிளம்பாதீர்கள், பெட்ரோல் மிச்சம். அடிவயிறும் தொடையும் சிவந்தால் மட்டும் கை வைத்தியம் வேண்டாம். அது பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று, மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் பாதிக் கவலை இல்லை. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், அவசரத்துக்கு மீன் கடை ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. எங்கள் போர்த் தண்ணீரில் மீட்டர் 1,140 காட்டியது. அதற்குப் பயந்து வெறும் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன், அதுவும் பிசகு. உப்பே இல்லாத தண்ணீர் தவளையின் உடம்பு உப்பை வெளியே இழுக்கும். நாலு பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர் என்று கலந்தால் 250 சுற்றி நிற்கிறது, அதுவே போதும். செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் மனிதருக்கு நல்லதென்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். தவளைக்குச் செம்பு விஷம். கொசுவர்த்தி, லிக்விட், ஸ்ப்ரே, ஃபினாயில் எதுவும் அந்த அறையில் கூடாது. சோப்புக் கையோடு தொடவும் கூடாது. தொட்ட பிறகு உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், சால்மொனெல்லா இருக்கலாம்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. 30 தாண்டினால் தின்னாது. பங்குனி சித்திரையில் மாடி அறை ஆகவே ஆகாது. கீழ்த்தளத்தில் தரையோடு தொட்டியை வைத்து மூன்று பக்கமும் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் ஈரோடு, கரூர் வறட்சியில் நன்றாகக் குளிரும். போதாவிட்டால் ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். உள்ளே ஐஸ் போடாதீர்கள். மார்கழி இரவுக்கு வாங்கிய ஹீட்டிங் மேட்டை அடியில் வைத்தது இன்னொரு தப்பு. சூடு தாங்காமல் தவளை கீழே புதையும், கீழேதானே சூடு! பக்கவாட்டுக் கண்ணாடியில், தெர்மோஸ்டாட்டோடு ஒட்டுங்கள்.

காற்றடிக்கும் மாதங்களில் வலை மூடி வழியாக ஈரம் பறந்துவிடும். மூடியில் முக்கால் பாகத்தைக் கண்ணாடித் துண்டால் மறைத்தேன், ஈரப்பதம் 70-ல் நின்றது. அதற்குள் ஒரு கூத்து. நாலு நாள் வெளியூர் போய் வந்து பார்த்தால் தூள் காய்ந்து, தவளை மேலே காகிதம் ஒட்டியது போல் அசையாமல் கிடந்தது. செத்துப்போச்சு என்று பொடக்காலியில் குழி தோண்டப் போனவர்களைத் தடுத்தது நல்லதாயிற்று. வறட்சியில் உரியாத தோலை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொள்ளும் குணம் அது. உரிக்கக் கூடாது. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார வைத்தேன், ஒரு மணி நேரத்தில் கண் திறந்தது, தோலைத் தானே இழுத்துத் தின்றுவிட்டது.

தீனியில் மட்டும் நமக்கு யோகம். உடுமலை, கோபி பக்கம் பட்டுப்புழு கிடைக்கிறது. நல்ல இரை. ஆனால் வளர்ப்பு மனையில் தோலுரிப்புச் சமயத்தில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் தூவுவார்கள். பொடி தூவாத புழுவாகக் கேட்டு வாங்கி, மருந்தடிக்காத மல்பெரி இலையில் மூன்று நாள் வைத்திருந்து கொடுங்கள். பால் புழு நோய் வந்து கழித்ததைச் சும்மா தந்தாலும் வேண்டாம். மண்புழு உரக் குழியில் இருந்து எடுப்பதாக இருந்தால் ஆப்பிரிக்க யூட்ரிலஸ் நல்லது. ஐசீனியா என்ற சின்னச் சிவப்புப் புழு ஒரு கெட்ட நீரைக் கக்கும், தவளை வாயில் வாங்கித் துப்பிவிடும். இரை அதன் இரு கண் இடைவெளியை விட அகலமாக இருக்கக் கூடாது. குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெரிசுக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. கால்சியம் பொடி தூவாமல் குட்டிக்குக் கொடுக்காதீர்கள், தாடை வளையும். கோழித் தீவனக் கடைக் கிளிஞ்சல் பூச்சியில் ஒட்டாது, மாவாக இருக்கும் பொடிதான் வேண்டும். இரும்பு இடுக்கியைக் கடித்து வாயைக் கிழித்துக்கொள்ளும், மூங்கில் இடுக்கி போதும். விரலையும் கடிக்கும், நன்றாகவே கடிக்கும்.

கணக்கு: தவளை 4,000, தொட்டி 1,100, மூடி 350, வெப்ப ஈரப்பத மீட்டர் 350, டிடிஎஸ் மீட்டர் 300, கால்சியம் 850, 5 கிலோ கட்டி 200, பூந்தொட்டித் தட்டு 40. மொத்தம் ரூ. 7,190. மேட், பயணங்கள், வீணான பித் இதில் சேரவில்லை. மாதம் தீனியும் தூளுமாக 350. பத்துப் பதினைந்து வருடம் வாழும். பன்னிரண்டு வருடத்துக்கே ஐம்பதாயிரம் தாண்டுகிறது. குழந்தை கேட்டது என்று வாங்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

சலித்துப்போனால் நொய்யலிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையிடமோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ கொடுங்கள். கடைத் தவளை, தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்து வரலாம், நம்மூர்த் தவளைக் கூட்டத்துக்கு அது ஆபத்து. அதனால் தட்டுத் தண்ணீரைக்கூட பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருந்துதான் சாக்கடையில் ஊற்றுகிறேன். பழைய தூளை நன்றாக வெயிலில் காய வைத்துக் கட்டிக் குப்பையில் போடுகிறேன், தென்னைக்குப் போடுவதில்லை.