அம்மிக்கு ஒன்றும் ஆகாது

டிசம்பர் 2, 2023, சனி

வங்கக்கடலில் இருப்பது நாளை புயலாகிவிடுமாம். பெயர் மிக்ஜாம், மியான்மர் கொடுத்தது. கீழ்வீட்டுப் பாட்டிக்கு அது வாயில் நுழையவில்லை. "மிச்சமா? இன்னா மிச்சம் வைக்கும்னு பாக்கலாம்" என்றார்.

எங்கள் தெரு திருவொற்றியூர் மேற்கில், ரயில் பாதைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே. கீழே இரண்டு போர்ஷன், மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டைமாடி. கீழேயிருந்து எங்கள் வாசலுக்குப் பதினான்கு படி. 2015-இல் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றது. 2016 வர்தாவில் படியே நனையவில்லை, ஆனால் தெருமுனை வேப்பமரம் போய்விட்டது. வர்தா காற்றுப்புயல். இது எப்படியோ.

தைக்க வேண்டிய பிளவுஸ் பதினொன்று இருக்கிறது. கரண்ட் இருக்கும்போதே முடித்தால் நல்லது.

டிசம்பர் 3, ஞாயிறு

காலையிலிருந்து சாமான் ஏற்றுகிறோம். கீழ் இரண்டு வீட்டு கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, டிவி, மிக்ஸி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் மஞ்சப்பை எல்லாம் மேலே வந்தாயிற்று. பிரிட்ஜைத் தூக்க ஆள் இல்லை, கட்டில்மேல் படுக்கவைத்தோம். பாட்டி அம்மியையும் கொண்டுபோகச் சொன்னார். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்தது, ஐம்பது வருஷம் ஆகிறது. எதிர்வீட்டு அண்ணன் குனிந்து ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு இன்னா ஆகப்போவுது ஆயா, கெடக்கட்டும் வுடு" என்று நிமிர்ந்துகொண்டார். நானும் ஆமாம் என்றேன்.

என் பையன் சாக்பீஸால் படிகளுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டுவிட்டான். இருட்டிய பிறகு மழை விட்டுவிட்டுப் பெய்யாமல் ஒரே இழுப்பாக இழுக்கிறது.

டிசம்பர் 4, திங்கள்

விடியற்காலை நாலு மணிக்குக் கீழே சத்தம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் ஓட்டையிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது. பழைய துணி, மணல் பை எதை வைத்து அடைத்தாலும் பக்கத்து ஓட்டையில் பொங்குகிறது. ஐந்து மணிக்கெல்லாம் பாட்டியைத் தூக்கிவந்துவிட்டோம். ஆறுக்கு முதல் படி. பத்துக்கு மூன்று. மத்தியானம் ஐந்து. தெருவில் யார் வீட்டிலிருந்து கத்தினாலும் ஒரே கேள்விதான்: "படி எத்தினி?"

புயல் கரைக்கு வராமல் கடலிலேயே மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, அதுதான் வினை. பூண்டி ஏரி நிரம்பினால் கொசஸ்தலையாறு. புழல் ஏரி நிரம்பினால் உபரிக் கால்வாய், வடகரை, கொசப்பூர், மணலி, சடையங்குப்பம். எல்லாம் வந்து சேர்வது எண்ணூர் முகத்துவாரம். அண்ணனுக்குப் பூர்வீகம் எண்ணூர் குப்பம். மாடியிலிருந்து கிழக்கே பார்த்து, "கடல் வாங்கல. அது வாங்குனாதான் நமக்கு வடியும்" என்றார்.

இரவு எண்ணிப் பார்த்தேன். எங்கள் இரண்டு அறையில் பதினேழு பேர். ஒரே கக்கூஸ். டேங்க்கில் எவ்வளவு தண்ணீர் என்று கழியை விட்டுப் பார்த்து, ஆளுக்கு இரண்டு சொம்பு என்று முடிவானது. மூன்றாவது சொம்பு எடுத்தவர் யார் என்று பத்து மணிக்கு ஒரு சண்டை. (நான்தான். சொல்லவில்லை.) பெண்கள் விடிவதற்குள் போய்விட வேண்டும், ஆண்கள் மாடி மூலையில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இட்லிக்கடை அக்கா சட்டம் போட்டார். அவர் இருந்ததால்தான் பிழைத்தோம். பதினேழு பேருக்கு ரவை எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரிகிறது, அளக்கவே இல்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

மழை நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கிறது, ஆறாவது படியில்.

ராத்திரியே பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு வாடை. யாரோ வண்டி முங்கிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். வெளிச்சம் வந்து பார்த்தால் தெரு முழுக்கக் கறுப்பு. வெயில் பட்ட இடத்தில் மயில் கழுத்து நிறம். பையன் அழகாக இருக்கிறது என்று கைவிடப் போனான், முதுகில் ஒன்று வைத்தேன். ஆறாம் எண் தெரியவில்லை, படியில் கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. அடுப்பு பற்றவைக்கவே பயம். இட்லிக்கடை அக்கா ஸ்டவ்வை மொட்டைமாடியில் டேங்க்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து கால்வாயில் வந்த எண்ணெய் என்கிறார்கள். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் 2017-ஐச் சொன்னார். ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எர்ணாவூர் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது பக்கெட்டால் அள்ளினார்களே, அதில் இவரும் ஒருவர். "அப்போ அது கடல்ல இருந்துச்சு. இப்போ வூட்டுக்குள்ள வந்துட்ச்சு."

மத்தியானம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு அது யாருடைய செய்தியோ போல இருந்தது.

டிசம்பர் 6, புதன்

அண்ணனின் மச்சான் குப்பத்திலிருந்து ஃபைபர் படகு கொண்டுவந்தார். பால் பாக்கெட், பிரெட், தண்ணீர் கேன். படகின் வெள்ளை அடியில் கறுப்பாக ஒரு கோடு, அவர் முழங்கால் வரை அதே கறுப்பு. பாட்டியின் பிரஷர் மாத்திரைக்காக வெற்று அட்டையைக் கொடுத்தனுப்பினோம், சாயங்காலம் வந்துவிட்டது. மச்சான் முதலில் தேங்காயெண்ணெய், பிறகு சோப்பு என்று காலைக் கழுவினார். எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு 2017-இல் கிடைத்த படிப்பு.

டிசம்பர் 8, வெள்ளி

முதல் படி தெரிகிறது. கரண்ட் இல்லை. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

சேறு தள்ளினோம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஸ்கேல் வைத்து இழுத்தது போலக் கோடு. பிரிட்ஜ் கட்டிலிலிருந்து மிதந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது, ஜன்னல் வழியாக இறங்கித்தான் கதவைத் திறந்தோம். பினாயில், பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள் எதற்கும் கோடு அசையவில்லை. மண்ணெண்ணெய் போட்டால் கரைகிறது, ஆனால் கரைந்து கீழே வழிகிறது. சம்ப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டோம்.

6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது. ஆனால் பாட்டியின் பீரோ ஒன்றுக்கே அது காணாது.

முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கின்றனவாம். குப்பத்துக்காரர்கள் எண்ணெயை மக்கால் மொண்டு பேரலில் ஊற்றுகிறார்கள். அண்ணனும் போய்விட்டார்.

டிசம்பர் 17, ஞாயிறு

ரேஷன் கடையில் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் டோக்கன் நாளைக்கு. பிளவுஸ் பதினொன்றும் தைத்து மாட்டியிருக்கிறேன், வாங்க யாரும் வரவில்லை. இப்போது யார் கல்யாணத்துக்குப் போகிறார்கள்?

பாட்டி ஒரு வாரமாக அம்மியோடு மல்லுக்கட்டுகிறார். சீயக்காய், தவிடு, புளி, எலுமிச்சை மூடி எல்லாம் ஆயிற்று. கொத்துபவரை வரவழைத்துப் புதிதாகக் கொத்தியும் விட்டோம். அண்ணன்தான் காசு கொடுத்தார், வாயைத் திறக்காமல். பார்வைக்கு அம்மி வெள்ளையாகிவிட்டது. இன்று காலை பாட்டி கல்லுப்பை வைத்து நாலு இழுப்பு அரைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். உப்பு லேசாக மங்கியது. வழித்து எறிந்துவிட்டு மறுபடி உப்பு, இந்தமுறை நிறம் மாறவில்லை. மூன்றாவதாக ஒரு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்து, விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இருக்குது" என்று என்னிடம் நீட்டினார். மிளகாய்க் காரம் மூக்கில் ஏறியது. அதற்கும் பின்னால், ஆமாம், பெட்ரோல் பங்க்.

பாட்டி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, தவிட்டுப் பையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.