நாலு மணி நேர விமானம், விடியவிடிய சிங்காநல்லூர்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் விடுப்பில் காங்கேயத்துக்கு வந்தபோது, கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நின்று டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன். ஊர் பஸ்ஸைப் பிடிக்க நான் போக வேண்டியது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட். ஏழெட்டு கிலோமீட்டர்தான். செயலியில் 290 ரூபாய் என்று காட்டியது. ஒருத்தர் சவாரியை எடுத்தார், போன் போட்டு எங்கே போகணும் என்று கேட்டார், ரத்து செய்துவிட்டார். அடுத்தவரும் அதே கதை. கடைசியில் வாசலில் நின்ற ஒருவர், "ஏனுங்க்கா, நேரம் என்னாச்சு பாருங்க. திரும்பி வர்றப்ப வண்டி சும்மாத்தானுங்க வரும். 900 குடுத்துருங்க" என்றார். 900! சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா வரை எம்ஆர்டி ரயிலில் இரண்டு வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சொச்சத்தில் போய்ச் சேரலாம். எப்படியோ 600-க்கு இறங்கி வந்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பார்க்கிங் ரசீதை நீட்டி அந்தக் காசையும் தனியாக வாங்கிக்கொண்டார்.

வழியெல்லாம் அவருக்குப் புதுப் பாலத்தின் பெருமைதான். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். நல்ல பாலம், இல்லை என்று சொல்லவில்லை. காங்கேயம் போகிறவளுக்கு அதில் என்ன சோலி? எனக்கு ஹோப் காலேஜில் திரும்பினால் போதும்.

ஊரிலிருந்து கார் வரச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போக வர இரண்டு பக்கத்துக்கும் வாடகை, டிரைவர் பேட்டா வேறு. மலிவு விலை விமானத்தில் மாதக்கணக்கில் விலை பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் கடைசி 60 கிலோமீட்டரில் கரைந்துவிடும்.

சரி, சிங்காநல்லூர். அந்த நேரத்தில் வருகிற திருச்சி பஸ் எல்லாம் பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகத்தான் போகும். வேறு ரோடு கிடையாது. ஆனாலும் ஏற விடமாட்டார்கள். "காங்கேயமா? ஏறாதீங்க, திருச்சி டிக்கெட் மட்டுந்தான்" என்று நடத்துநர் படியிலேயே கையை நீட்டித் தடுக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் பாதி இருக்கை காலி. அதை எடுத்துச் சொன்னால், கரூரில் ஆள் ஏறுவார்களாம். என்னைப் போல இன்னும் சிலர் மூட்டை முடிச்சோடு ஒவ்வொரு பஸ்ஸாக ஓடினோம். பின்னலாடைக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பல்லடம் போக வேண்டியவர், திருச்சி வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். நூற்றுக்கணக்கில் தண்டம். எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை மணிக்கு ஒரு கரூர் பஸ் கிடைத்தது. பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட், ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, சூலூர் தாண்டும்வரை தலைக்கு மேலே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

காங்கேயத்தில் வீட்டுக்காரர் குட்டி யானையோடு நின்றார். நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் தேங்காய்க் களத்தில் ஓடுகிற வண்டி அது. பெட்டியைப் பின்னால் காலிச் சாக்குகளுக்கு நடுவில் போட்டுக்கொண்டு வெள்ளகோவில் ரோட்டில் வீடு போய்ச் சேர்ந்தோம்.

அந்த நேரத்தில் அத்தை அடுப்புப் பற்ற வைத்திருந்தார். அரிசிம்பருப்புச் சோறு. இதைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அரிசியும் துவரம்பருப்பும், கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகமும் மிளகும் தட்டிப் போட்டது, எல்லாம் ஒரே பாத்திரத்தில். எங்கள் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் தாளிப்பு. மேலே ஊத்துக்குளி வெண்ணெயை முருங்கை இலை போட்டு உருக்கிய நெய். "கை கழுவிட்டு வா கண்ணு, ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது" என்றார் அத்தை. விமானத்தில் பத்து வெள்ளிக்கு விற்ற நூடுல்ஸை வாங்காமல் பட்டினியாக வந்ததற்கு இதுதான் காரணம். சிங்கப்பூரில் கொங்கு சமையல் என்று பலகை மாட்டிய கடையில் இதே பெயரில் ஒன்று தருகிறார்கள். சாம்பார் சாதத்தில் தண்ணீரைக் குறைத்தது போல இருக்கும். விலையைச் சொன்னால் அத்தைக்கு மயக்கம் வரும்.

மகள் காலையில் எழுந்து முதலில் என்னைப் பார்த்தாளா, பெட்டியைப் பார்த்தாளா என்பதை எழுதாமல் விடுகிறேன்.

குடும்பத்தை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடேன் என்று ஒறம்பரைகள் (சொந்தக்காரர்கள்) எல்லோரும் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் கணவன், பிள்ளைக்குச் சார்ந்தோர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவே முடியும். நான் எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் கணக்கெழுதுகிறவள், அந்த உயரத்துக்கு ஏணி போதாது. அப்படியே கிடைத்தாலும் களத்தை யார் பார்ப்பது? ஆக, நான் அங்கே, அவர்கள் இங்கே.

விடுப்பு போதாமல் பாதி நாட்களை ஊரிலிருந்தே வேலை செய்ய ஒப்புக்கொண்டு வந்திருந்தேன். கேட்க நன்றாக இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால் இங்கே ஆறரை, பால் கறக்கிற நேரம். கணக்கு முடிக்கிற அன்றைக்கே மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது, சாயந்தரம் வரை வராது. களத்தில் ஜெனரேட்டர் ஓடியது, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரையில் உடைத்துக் காயப்போட்ட தேங்காய், அதை ஓட்டிலிருந்து நோண்டி எடுக்கும் பெண்கள், மேலே கொளுத்தும் வெயில். நடுவில் நான் காதில் ஹெட்செட்டோடு ஜூலை மாத இன்வாய்ஸ் பேசிக்கொண்டிருந்தேன். என் மேலாளர் பின்னணிச் சத்தம் என்ன என்று கேட்டார். தொழிற்சாலை என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லையே.

திரும்பும் பயணத்துக்குப் பெட்டி கட்டியது தனிப் போர். 20 கிலோதான் வாங்கியிருந்தேன், கூட ஒரு கிலோவுக்கும் விமானக்காரர்கள் காசு வைத்திருக்கிறார்கள். வீட்டில் தராசுக்கா பஞ்சம்? களத்துத் தராசிலேயே பெட்டியை வைத்துப் பார்த்தோம். உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம் என்று அத்தையிடம் முன்பே சொல்லியாகிவிட்டது, இங்கிருந்து இறைச்சி எதையும் கொண்டுபோக அங்கே விடமாட்டார்கள். நெய்யும் ஊறுகாயும் பெட்டிக்குள் போகலாம், கைப்பையில் கூடாது. ஆனால் கொப்பரை இரண்டிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானத்தில் அதை அபாயப் பொருள் வரிசையில் வைத்திருக்கிறார்கள். இதை அத்தையிடம் விளக்கப் போனேன். "ஏங்கண்ணு, களத்துல டன் கணக்குல கெடக்குது, ஒரு நாளும் பத்திக்கலியே" என்றார். குடோனில் அம்பாரம் சூடேறினால் அவசரமாகக் கிளறி விடுவது அவருக்கே தெரியும், ஆனால் மருமகளின் பேச்சை ஒப்புக்கொள்ளத்தான் முடியுமா?

ஒப்புக்கொள்ளவில்லை என்பது கோயம்புத்தூர் விமான நிலையத்தில் தெரிந்தது. ஸ்கேனில் பெட்டியை நிறுத்தி, திறக்கச் சொன்னார்கள். ராகி மாவுப் பைக்குள் அரைக் கிலோ கொப்பரை, முழுசு முழுசாக. அந்தப் பணியாளர் கோபப்படக்கூட இல்லை. "காங்கேயமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது தீபாவளிதான். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் சிங்கப்பூரில் பொது விடுமுறை கிடையாது, தீபாவளிக்கு உண்டு. அதனால் அங்கிருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் அன்றைக்கே கிளம்ப, டிக்கெட் விலை எங்கோ போய் நிற்கிறது. இன்று காலை பார்த்தேன், போன வாரத்தைவிட 80 வெள்ளி கூடியிருக்கிறது. திருச்சி வழியாகப் போனால் குறைவு. திருச்சியிலிருந்து கோவை வருகிற பஸ்காரர்கள் காங்கேயத்தில் இறங்க விடுவார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உடனே போட்டுவிடுகிறேன்.