பிடியரிசி நோட்டும் 80ஜி சான்றிதழும்

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வடலூர் தருமசாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மாதப் பூசத்தன்று வீடு வீடாகப் பிடியரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவோம். கஞ்சிக்கு வந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். பிறகு, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட இளைஞர்களுக்காகத் தையலும் மின்பணியும் சேர்ந்தன. வெளியூர் அன்பர் ஒருவர் தையல் இயந்திரங்களுக்குப் பணம் தர முன்வந்து, "80ஜி இருக்கிறதா?" என்று கேட்டார். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு அது. அறக்கட்டளை வேலை அன்று தொடங்கியது.

மாதிரிப் பத்திரம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டோம். செய்திருக்கவே கூடாது. "சன்மார்க்க நெறி பரப்புதல்" முதல் நோக்கம், கல்வி ஏழாவது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் அறங்காவலர்களில் ஒருவரான அம்மாவின் விரல்ரேகை பதியவே இல்லை. முப்பது ஆண்டு முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. ஒவ்வொரு விரலாகச் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். இடது மோதிர விரல் கடைசியில் ஏற்கப்பட்டது. அந்தக் கை எங்கள் பத்திரத்தில் இருப்பதில் எனக்குப் பெருமை.

பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. வருமான வரித் துறையில் படிவம் 10ஏ போட்டு, 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி இரண்டுக்கும் மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு கிடைத்தது. நிரந்தரப் பதிவு என்று பேச்சில் சொல்கிறோமே, அதற்கான 10ஏபி படிவம் போட்டபோதுதான் கேள்விகள் வந்தன. அறக்கட்டளை கலைந்தால் சொத்து யாருக்குப் போகும்? இது திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை என்று எங்கே எழுதியிருக்கிறது? நோக்கம் சமயம் சார்ந்ததா, பொதுவானதா?

ஒரு சமயத்தாருக்கு மட்டும் என்றிருந்தால் 80ஜி கிடையாது, சமயச் செலவும் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தணிக்கையாளர் விளக்கினார். எங்கள் சங்கத்துப் பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. "ஐயா, வள்ளலார் பேரை எடுத்துவிட வேண்டுமா?"

"பேர் இருக்கட்டும் ஐயா. யாருக்குச் செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், போதும்."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தருமசாலையில் இலை போடும் முன் யார் எவர் என்று கேட்பதில்லையே. அதையே முதலில் எழுதுங்கள்" என்றார். சாதி, மத, பாலின வேறுபாடின்றிப் பசித்தோர்க்கு உணவு, இளையோர்க்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் என்று திருத்தப் பத்திரம் பதிவானது. அதிகாரிக்காக எழுதியதுதான் என்றாலும், வள்ளலார் வழிக்கு முதல் பத்திரத்தைவிட இதுவே நெருக்கம் என்று உறுதியாக நம்புகிறேன்.

செயல்பாட்டுக்கு ஆதாரம் கேட்டார்கள். வண்ண அறிக்கை எதுவும் எங்களிடம் இல்லை. பிடியரிசி நோட்டு இருந்தது: வீட்டுப் பெயர், படி, தேதி. பிள்ளைகள் தாங்களே பென்சிலால் எழுதிய வருகைப் பதிவேடும் இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பினோம். மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

இந்த வழியில் இறங்குபவர்கள் பதிவுக்கு முன்பே பத்திரத்தைத் தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். நிரந்தரப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, எது முந்தியதோ அதற்குள் போட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வரும் நன்கொடைக்கு வரிச்சலுகை இல்லை என்பதையும் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆணை ஒரு பூசத்தன்று வந்தது. பெரியவர் அதை விளக்கின் முன் வைத்துவிட்டு, கஞ்சிக்கு உலை வைக்கப் போனார். அன்றைய பிடியரிசிக் கணக்கை எழுத நோட்டைத் தேடினேன். அதை ஏற்கெனவே ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது.